கடைசிக்குப் போன பதினாலு

பதினாலாம் நம்பரிலிருந்து போன் வந்தபோது அவள் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்துக் கிடங்கில் காலை வேளையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், பாவம்.

“வண்டி எங்கம்மா?” என்றாள் எதிர்முனையில் இருந்த மருந்தறைக்காரி.

“இன்னுமா வரல? கிளம்பி எவ்வளவோ நேரம் ஆச்சே! உங்க இடம்தானே முதல்ல?”

“முதல்லதான். அதனாலதான் கேக்கறேன்.”

பதினாலாம் நம்பர் என்பது பெரிய ஆஸ்பத்திரி. கிடங்கில் எந்த ஆஸ்பத்திரியையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான். மூன்று, இருபத்தேழு, எட்டு, ஆறு, பத்தொன்பது என்று வரிசையாகப் போகும் வண்டிக்குப் பதினாலுதான் எப்போதும் தலைவாசல்.

“ஒரு ஸ்கூல் வாத்தியார், மாடிப்படியில உருண்டுட்டார்” என்றாள் மருந்தறைக்காரி. “ரத்தம் உறையாத வியாதி அவருக்கு. உள்ளுக்குள்ள கசிஞ்சுக்கிட்டே இருக்கு. உங்க வண்டியில வர்ற ஊசியப் போட்டாத்தான் கத்தியை எடுப்பேன்னு டாக்டர் உக்காந்திருக்கார். அந்த வாத்தியாரோட சம்சாரம் என் ஜன்னலுக்கு வெளியில நிக்கிறாங்க. போன் அடிக்கிறப்பல்லாம் என் மூஞ்சியப் பாக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது?”

“இதோ, கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டு, கிடங்கு இருப்பைப் பார்க்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஊசியில் இருந்த கடைசிப் பெட்டியும் அதே வண்டியில்தான் போயிருந்தது. பச்சை டேப் ஒட்டிய சின்னக் குளிர்ப்பெட்டி. அவளே கையால் தொட்டுச் சரிபார்த்து ஏற்றியது.

வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் அவளுடைய வீட்டுக்காரர். அவள் அவருடைய நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனை ஊமையாக்கி முன்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அந்த மனுஷன் சட்டம் தவறாதவர். ஆனாலும் அவள் மறுபடி அழுத்தினாள். பதினாலுக்குப் போகிற வழியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. அந்த வளைவில் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன என்று அவள் மனசு கேட்காமலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

இவளைக் கிடங்கில் எல்லோரும் ‘தலைகீழ் அக்கா’ என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே ‘அக்கா’ மட்டும். முன்பாதி முதுகுக்குப் பின்னால். பெயர் வந்த காரணம் லேசானது. வண்டி எந்த வரிசையில் போகிறதோ, அதற்கு நேர் எதிர் வரிசையில்தான் பெட்டிகளை ஏற்ற வேண்டும். கடைசியில் இறங்குகிற பெட்டி முதலில் ஏறி உள்ளே ஆழத்தில் போய் உட்கார வேண்டும். முதலில் இறங்குவது கதவோரம் நிற்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் நடுரோட்டில் வண்டியைக் காலி பண்ணித் தேட வேண்டியதுதான். சாதாரண ஆள்களுக்குத் தலைகீழ் என்பது வசவு. இவளுக்கு அதுதான் சோறு போட்டது.

பெட்டி ஒட்டுகிற வேலைக்கு வந்தவள், எண்களைப் பின்னாலிருந்து மடமடவென்று சொல்கிற சாமர்த்தியத்தால் மேற்பார்வையாளர் ஆனாள். ஊருக்குக் கிளம்பப் பை அடுக்கினால், இறங்கியதும் எது வேண்டுமோ அது மேலே இருக்கும். வீட்டில் மகள் பீரோவைத் திறந்து ஒரு துண்டை நடுவிலிருந்து உருவினால் போதும், அன்றைய பொழுது விடிந்த மாதிரிதான். தப்பு செய்யாதவள் என்று பெயர் எடுத்தாள். அந்தப் பெயரை அவளும் நம்பினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ரகம். ஆனால் ஒன்று, அவள் முயலுக்கு நிஜமாகவே பெரும்பாலும் அவள் சொன்ன கால்தான் இருந்தது. அதுதான் கூட இருப்பவர்களுக்குப் பெரிய இம்சை.

போன மாதம் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். வழியில் கூட்டம் அதிகம் என்று மூன்றாம் நம்பருக்கு முன்னால் இருபத்தேழுக்குப் போய்விட்டார். மூன்றாம் நம்பர்க்காரர்கள் மேலாளரிடம் புகார் செய்தார்கள். ‘ஓட்டுநர் தன்னிச்சையாக வரிசையை மாற்றினார்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அவருடைய சம்சாரமேதான். அதோடு விட்டாளா? ‘இனி வரிசையை மாற்ற வேண்டுமானால் என் கையெழுத்துப் போட்ட புதுத் தாள் வேண்டும், வாய்வார்த்தை செல்லாது’ என்று ஒரு சட்டத்தையும் எழுதி வாசல் கதவில் ஒட்டினாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் அளந்துதான் பேசுகிறார். வீட்டில் “உப்பு வேணுமான்னு உங்கப்பாவக் கேளு”, “வேணாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு” என்று நடுவில் மகள்தான் தபால்காரி.

அவர் போனை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, காலையில் அச்சடித்த தாள்களின் அலுவலகப் பிரதிகளை எடுத்தாள். எந்த ரோட்டில் போயிருப்பார், வழியில் எந்த போலீஸ் நிலையத்தில் கேட்பது என்று பார்க்கத்தான் எடுத்தாள். வண்டிக்காரரின் தாள் மேலே இருந்தது.

19, 6, 8, 27, 3, 14.

அவள் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். பெட்டி ஏற்றுகிறவர்களுக்கான தாள்.

19, 6, 8, 27, 3, 14.

இரண்டும் ஒன்று. ஏற்றும் தாள் அப்படித்தான் இருக்க வேண்டும். வண்டித் தாள் அப்படி இருக்கவே கூடாது. பதினாலு முதலில் இருந்திருக்க வேண்டும். அது கடைசியில் கிடந்தது.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்லத்தான் வேண்டும். வண்டி கவிழவில்லை, மனுஷன் நன்றாக இருக்கிறார், தாளில் போட்டபடி எங்கோ ஊர்க்கோடியில் பத்தொன்பதாம் நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பின்னாலேயே அந்த வாத்தியாரின் சம்சாரம் அவள் நினைப்பில் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

இதெல்லாம் கம்ப்யூட்டரால் வந்த வினை என்று பிறகு கிடங்கில் பேசிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்தது.

டயர் கடைக்கு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. வண்டிகள் கூடிக்கொண்டே போக, கையால் தலைகீழாக எழுதி மாளவில்லை என்று அவள் அங்கே சேர்ந்தாள். தன் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முதல் பெஞ்சில் உட்கார்ந்து பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தாள். சதுர அடைப்புக்குள் எண்களை வரிசையாகப் போட்டால் அது ஒரு பட்டியல். அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்று டீச்சர் சொன்னதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. ‘வண்டி’ என்று ஒரு பட்டியல், ‘ஏற்றம்’ என்று ஒன்று. வண்டியைத் திருப்பினால் ஏற்றம். இவ்வளவுதானே உலகம்?

முதலில் இப்படி எழுதினாள்:

ஏற்றம் = வண்டி.reverse()

ஏற்றத்தை அச்சடித்துப் பார்த்தால் None என்று வந்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். “ஒண்ணுமில்லையா? ஆறு ஆஸ்பத்திரி எங்க போச்சு?” என்று அவள் சண்டைக்குப் போனாள். டீச்சர் சிரித்தாள். “reverse இருக்கிற பட்டியலைத்தான் அப்படியே திருப்பி வெக்கும்மா. வேலையச் செஞ்சிட்டு வெறுங்கையோட வெளிய வரும். நீங்க அந்த வெறுங்கையைப் பிடிச்சு ஏற்றம்னு பேர் வெச்சிட்டீங்க.”

சரி, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலைத் திருப்பிவிட்டால் போயிற்று என்று அவள் முடிவு கட்டினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால்தான் அவள் கிரீடம் இறங்கிவிடுமே. கிடங்கில் நகல் என்றால் கார்பன் தாள். மேலே ஒன்று எழுதினால் கீழே இன்னொன்று விழும். பிறகு கீழ்த்தாளைக் கிழித்துக் கசக்கினாலும் மேல்தாளுக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் போடுகிற சமக்குறியும் அந்தக் கார்பன் வேலையைத்தான் செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கார்பனோடு காலம் தள்ளிய யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வண்டி = [14, 3, 27, 8, 6, 19]
print(வண்டி)
ஏற்றம் = வண்டி
ஏற்றம்.reverse()
print(ஏற்றம்)

நேற்று சோதித்துப் பார்த்தபோது இரண்டும் அழகாக வந்தன. வண்டி நேராக, ஏற்றம் தலைகீழாக. இன்று காலை, அச்சடிக்கிற இரண்டு print வரிகளும் பிரிந்து கிடப்பது அவள் கண்ணை உறுத்தியது. பீரோவில் துண்டு கலைந்தாலே பொறுக்காதவள். வண்டியை அச்சடிக்கிற வரியைத் தூக்கி, கீழே ஏற்றத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஜோடியாக நிறுத்தினாள். தாள்கள் வந்ததும் ஏற்றும் தாளை மட்டும் விரலை வைத்து எண்ணெண்ணாகச் சரிபார்த்தாள், திருப்பியது அதைத்தானே. வண்டித் தாளைப் பார்க்கவே இல்லை. அவள் கையால் அடித்த வரிசை, அதை எதற்குப் பார்ப்பது? முதல் நாள் வெள்ளோட்டத்துக்கு வீட்டுக்காரரின் வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். ஏதாவது கோணல் ஆனாலும் வீட்டு ஆள்தானே என்று.

இப்போது அவள் பத்தொன்பதுக்குப் போன் செய்தாள். அது சின்னக் கிளினிக். எடுத்தது ஓர் ஆயா.

“வண்டியா? வந்துச்சே. இப்பதான் போறாரு.”

“கூப்பிடுங்க அவரை! ஓடிப் போய்க் கூப்பிடுங்க!”

“திருப்பத்துல போயிட்டாரும்மா. ஏன், என்ன ஆச்சு? எங்க பெட்டி அடியாழத்துல இருந்துச்சு போல. மனுஷன் எல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சு, அதை எடுத்துக் குடுத்துட்டு, மறுபடியும் ஒண்ணொண்ணா அடுக்கினாரு. வாய்க்குள்ள யாரையோ திட்டிக்கிட்டே அடுக்கினாரு.”

யாரை என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது. வேண்டுமென்றே பழிவாங்கத் தாளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அதைவிட இன்னொன்று அவளுக்கு உறைத்தது. சும்மா திரும்ப அடுக்கியிருக்க மாட்டார் அவர். தொழில் தெரிந்தவர். தாளில் உள்ள வரிசைக்குத் தக்கபடி மாற்றி அடுக்கியிருப்பார். கடைசி நம்பர் ஆழத்தில். அந்தப் பச்சை டேப் பெட்டி இப்போது வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது.

அடுத்தது ஆறு. ஆறாம் நம்பர் போன் பேச்சில் இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பேச்சில். மேலாளர் கதவில் தலையை நீட்டி, “என்னம்மா, பதினாலுலேருந்து எனக்குப் போன் மேல போன்? வண்டி எங்க?” என்றார்.

ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. மேம்பாலத்தில் நெரிசல் என்று சொல்லலாம். வண்டிக்காரர் மறுபடி தன்னிஷ்டத்துக்குப் போய்விட்டார் என்றுகூடச் சொல்லலாம். போன மாதத்து அறிக்கை கைகொடுக்கும், எல்லோரும் நம்புவார்கள். அந்த எண்ணம் தனக்கு வந்ததே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

“தாளைத் தப்பா அடிச்சிட்டேன் சார்” என்றாள். “பதினாலு கடைசிக்குப் போயிடுச்சு. ஆறுல அவரைப் பிடிக்கணும். போன் கிடைக்கல.”

மேலாளர் வாயைத் திறந்தார். அவளிடமிருந்து ‘தப்பு’ என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. “பிடிங்க, பிடிங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

ஆறாம் நம்பர் இன்னும் பேச்சில்தான் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி யாரிடமோ குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தாள் போலும். நடுவில் பதினாலிலிருந்து மறுபடி மணி அடித்தது. எடுத்தால் ஆறாம் நம்பரைப் பிடிக்க முடியாது. எடுக்காவிட்டால் அங்கே அந்த அம்மாள் மருந்தறைக்காரியின் முகத்தைப் பார்ப்பாள். அவள் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தது அந்தக் காலையில் செய்த எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆறாம் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவசரத்தில் ஒரு தடவை யாரோ ஒரு தச்சருக்குப் போய்விட்டது.

கடைசியில் கிடைத்தது. ஸ்டோர்காரர் எடுத்தார். “வண்டி வாசல்லதான் நிக்குது. பின்கதவைத் திறக்கறாரு.”

“திறக்க வேணாம்னு சொல்லுங்க. அவரை உடனே போனுக்கு வரச் சொல்லுங்க.”

“யாருன்னு சொல்லட்டும்?”

அவள் தயங்கினாள். தான் என்று தெரிந்தால் வரமாட்டாரோ?

“அவர் சம்சாரம்னு சொல்லுங்க.”

காத்திருந்தாள். எதிர்முனையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், யாரோ இருமினார்கள். பிறகு, “ம்” என்று ஒரு குரல். ஒரு மாதமாகப் பழகிய ‘ம்’.

“என்னங்க, நேராப் பதினாலுக்குப் போங்க. இப்பவே. எதையும் இறக்க வேணாம்.”

“தாள்ல பதினாலு கடைசி.”

“தாள் தப்பு.”

“யார் போட்ட தாள்?”

“நான் போட்டதுதான். நான்தான் தப்பாப் போட்டுட்டேன். உங்க மேல கோவத்துல போட்டேன்னு நினைக்காதீங்க, சத்தியமா இல்ல. வண்டியத் திருப்பிட்டேன்னு தெரியாமலே திருப்பிட்டேன். பச்சை டேப் பெட்டியில இருக்கிற ஊசிக்காக அங்க ஒருத்தர் ரத்தம் நிக்காமக் கிடக்கறாரு. அவர் சம்சாரம் மருந்தறை ஜன்னல்லயே நிக்கிறாங்க.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“புதுத் தாள் வேணும், கையெழுத்து வேணும்னு கேக்காதீங்க. அந்தச் சட்டத்தை நான்தான் எழுதினேன், நானே கிழிச்சுப் போட்டுடறேன். போங்க. கும்புடறேன், போங்க.”

லைன் அறுந்தது.

கோபத்தில் வைத்தாரா, ஓடுகிற அவசரத்தில் வைத்தாரா? அவளுக்குத் தெரியவில்லை. மேலாளர் புருவத்தை உயர்த்தி “என்ன?” என்றார். மறுபடி ஆறாம் நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை உடனே கிடைத்தது.

“போயிட்டாரும்மா” என்றார் ஸ்டோர்காரர். “போனை என் கையில எறிஞ்ச மாதிரி குடுத்துட்டு ஓடினாரு. எங்க பெட்டியக்கூடத் தரல. நாங்க மருந்துக்கு எங்க போறது?”

“சாயங்காலத்துக்குள்ள வரும். உங்க காலைப் பிடிச்சுக்கறேன், பொறுத்துக்கங்க.”

பிறகு அவள் பதினாலுக்குப் போன் செய்து, வண்டி வந்துகொண்டிருக்கிறது, பெட்டி ஆழத்தில் இருக்கும், இறக்குவதற்கு இரண்டு ஆள்களை வாசலில் நிறுத்துங்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பெட்டி ஏற்றுகிறவர்கள் கதவருகே கூடி நின்றார்கள். ஆறிலிருந்து பதினாலுக்குப் போகிற வழியை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சந்தை முனை, பள்ளிக்கூடம், ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால்? அந்த வாத்தியாரை அவள் பார்த்ததில்லை. ஆனால் படியில் சறுக்கி விழுந்த செருப்பு எப்படியிருந்திருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தாள்.

கை சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏற்றத்தில் முதல் எண்ணை மட்டும் மாற்றி ஒரு சைபரைப் போட்டாள். பிறகு, வண்டியை அச்சடிக்கச் சொன்னாள். வண்டியின் தலையிலும் சைபர். அவள் தொட்டது ஏற்றத்தை. மாறியது வண்டியும். அப்போதுதான் புரிந்தது. அவள் நகலே எடுக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தாள். வீட்டில் மகள் அம்மா என்கிறாள், கிடங்கில் அக்கா என்கிறார்கள். அதற்காக ஆள் இரண்டாகிவிடுமா? அக்காவைத் திருப்பி உட்கார வைத்தால் அம்மாவும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். நேற்று வண்டித் தாள் சரியாக வந்தது திருப்புவதற்கு முன்பே அச்சாகிவிட்டதால்தான். அவளுடைய புத்திசாலித்தனத்தால் அல்ல.

ஏற்றம் = வண்டி[::-1] என்று டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதியது நினைவுக்கு வந்தது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புதுசாக ஒரு பட்டியல் செய்து கொடுக்குமாம், பழையதைத் தொடாதாம். புள்ளியும் கோடுமாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறதே, reverse என்றால் படித்தாலே புரிகிறதே என்று இவள் அன்றைக்கு அதை எழுதிக்கொள்ளவே இல்லை. இப்போது அடித்துப் பார்த்தாள். வண்டி நேராக நின்றது. ஏற்றம் தலைகீழாக நின்றது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

போன் அடித்தது. மேலாளர் அவளுக்கு முன்னால் கையை நீட்டி, பிறகு பின்வாங்கிக்கொண்டார். அவளே எடுத்தாள்.

“வண்டி வந்துடுச்சு” என்றாள் மருந்தறைக்காரி. “வாசல்ல நிக்கிறேன். பெட்டியெல்லாம் வெளிய போட்டுக்கிட்டு இருக்காங்க.”

போன் வழியாகப் பெட்டிகள் தரையில் விழுகிற ‘தொம்தொம்’ என்ற சத்தம் கேட்டது. வீட்டுக்காரரின் குரல் கேட்டது: “அது இல்ல, அது இல்ல, அதைத் தள்ளிப் போடுங்க!” ஒரு பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன். யாரோ ஒரு பெண், “பச்சையா? பச்சைன்னுதானே சொன்னீங்க?” என்று நடுங்கின குரலில் கேட்டாள். மருந்தறையில் வேலை செய்கிறவள் குரல் மாதிரி இல்லை. தலைகீழ் அக்காவுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதோ! இதோ இருக்கு!”

ஓடுகிற சத்தம். பிறகு கதவு. பிறகு மருந்தறைக்காரியின் மூச்சு.

“உள்ள போயிடுச்சும்மா” என்றாள். “மீதி அவங்க கையில. சொல்றேன்.”

அவள் சொல்ல மதியம் தாண்டிவிட்டது. ஊசி போட்டு, கத்தி வைத்து, ரத்தம் நின்றுவிட்டது; இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் முணுமுணுத்தாராம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெட்டி ஏற்றுகிறவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மேலாளர், “இனிமே கையாலேயே எழுதுங்க” என்றார். “இல்ல சார், இதுலயே பண்றேன். ஆனா ரெண்டு தாளையும் வேற யாராவது பாக்கட்டும்” என்றாள் அவள். வாசல் கதவில் ஒட்டியிருந்த சட்டத்தைக் கிழித்தாள். பசை பலமாக இருந்ததால் பாதிதான் வந்தது.

மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்விட்டு வெயில் சாயும் நேரத்தில் வண்டி திரும்பியது. வீட்டுக்காரர் சட்டையெல்லாம் அழுக்கு. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். நடுவில் தபால்காரி இல்லாமல் இருவரும் நிற்பது இரண்டு பேருக்குமே புதுசாக இருந்தது.

“அந்த வாத்தியார் சம்சாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல” என்றார். “நான் என்ன பண்ணினேன், சொல்லு? ஊரைச் சுத்திக்கிட்டு வந்தேன்.”

அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தோடேயே பழைய குணமும் எழுந்துவிட்டது. நாய் வாலை யாரால் நிமிர்த்த முடியும்?

“பதினாலுதான் எப்பவும் முதல்னு உங்களுக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா ஓட்டறீங்க. தாளைப் பாத்ததும் தலைகீழா இருக்குன்னு தெரிஞ்சிருக்குமே. வாசல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“தெரிஞ்சுது” என்றார் அவர். “கேக்கணும்னுதான் இஞ்சினை அணைச்சேன். இறங்கக்கூட இறங்கிட்டேன். நீ ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தே. உன் மூஞ்சியப் பாத்தேன். மறுபடி ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

“ஏன்? அப்படி என்ன இருந்துச்சு என் மூஞ்சியில?”

அவர் காலி டம்ளரை அவளிடம் நீட்டினார். கோபமில்லை அவர் குரலில். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணும் இல்ல” என்றார். “எப்பவும் இருக்கிற மூஞ்சிதான்.”